நான் கொடுத்த இரண்டாவது பெயர்

“நில்! அசையாத! நிண்ட இடத்தில நில்!”

நுவரெலியாவில், ஊர்ப்பட்ட சனம் உலாவித் திரிகிற ஒரு பூங்காவில், பட்டப்பகலில், என் மச்சாள் வதனி போட்ட சத்தம் அது. கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண் திடுக்கிட்டுத் திரும்பினாள். படம் எடுத்துக்கொண்டிருந்த புதுமணத் தம்பதி கைபேசியை இறக்கினார்கள். ஐஸ்கிரீம் விற்றவன் மணி அடிப்பதை விட்டுவிட்டு எங்களையே பார்த்தான்.

வதனியின் மகள் அபிக்கு ஒன்பது வயது. ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே, அப்படியே நின்றுவிட்டாள். கண்கள் மட்டும் தாயைத் தேடின. வன்னியில் பிறந்த பிள்ளை. அந்தக் குரல் கேட்டால் ஏன், எதற்கு என்று கேளாமல் நிற்க வேண்டும் என்று அதற்குத் தெரியும்.

அவள் நின்றது ஒரு புல்தரையில். சுற்றிவரச் சின்னச் சின்னத் தடிகள் ஊன்றி, சிவப்பும் வெள்ளையுமான நாடா கட்டியிருந்தார்கள். ஒரு மூலையில் நாடா அறுந்து கிடந்தது. பிள்ளை ஏதோ பூவைக் கண்டு அதற்குள்ளால் ஆறேழு அடி போய்விட்டாள்.

எங்கள் பக்கத்தில் சிவப்பு வெள்ளை நாடாவுக்கு ஒரே அர்த்தம்தான். அதற்கு அங்கால் மிதிவெடி.

நானாவது புத்தியோடு நின்றேனா என்றால், அதுவும் இல்லை. வலது கையைத் தலைக்கு மேலே நேராகத் தூக்கிக்கொண்டு சிலைபோல நின்றிருக்கிறேன். வேலைத்தளத்தில் எல்லாரையும் ஒரே நேரத்தில் நிறுத்துவதற்குத் தூக்குகிற கை அது. தூக்கியது எனக்கே தெரியாது. என் மகள் சுகன்யா வந்து, “அம்மா, கையை இறக்குங்கோ. சனம் பாக்குது,” என்று காதுக்குள் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

எட்டுப் பேரும் ஒரு கொப்பியும்

இந்தத் தொடரை இடையிலிருந்து வாசிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் பல வருடங்கள் மிதிவெடி அகற்றுகிற வேலை செய்தவள். எங்கள் ஊர் தர்மபுரம். காலையில் நிறுவனத்தின் வாகனம் வரும். ஏறிப் போய், ஒரு மீற்றர் அகலப் பாதையில் முழங்காலில் இருந்து, நிலத்தை விரல் விரலாகச் சுரண்டுவோம். முகத்துக்குத் தடித்த கண்ணாடி மறைப்பு. உடம்புக்குக் கனத்த அங்கி. வெயில் என்றால் அப்படி இப்படி வெயில் இல்லை, மூளை உருகும்.

சில வருடங்களில் என்னை ஒரு குழுவுக்குத் தலைவியாகப் போட்டார்கள். எனக்குக் கீழே எட்டுப் பேர். ஒருவர் ஒரு துண்டைத் துப்புரவாக்கி முடித்ததும், அதன்மேல் நான் உலோகம் கண்டுபிடிக்கிற மெசினோடு போய்ப் பார்க்க வேண்டும். மெசின் கத்தினால் அந்த ஆள் எதையோ விட்டிருக்கிறார் என்று பொருள். ஒரு ஆணியோ, துவக்கு ரவையின் வெற்றுக் கோதோ, எதுவென்றாலும் குற்றம்தான். இன்றைக்கு ஆணியை விட்டவர் நாளைக்கு வெடியையும் விடலாம். அப்படி விடுபட்டதை எல்லாம் ஆளுக்கொரு பக்கம் போட்டு ஒரு கொப்பியில் எழுதி வைப்பேன்.

வதனியின் பக்கம் வெள்ளையாகவே கிடந்தது. ஒரு வருடம் முழுவதிலும் அவள் விட்டது ஒன்றே ஒன்று. துருப்பிடித்த ஒரு சட்டைப்பின்.

வதனி என் கணவரின் தங்கை. அபி கைப்பிள்ளையாக இருக்கும்போது, ஒட்டுசுட்டான் பக்கம் வயல் காவலுக்குப் போன அவளது புருசனை யானை அடித்துக் கொன்றுவிட்டது. அதன் பிறகு ஒரு வருடம் அவள் யாரோடும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. நான்தான் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்து வேலைக்கு இழுத்துக்கொண்டு போனேன். பயிற்சியில் முதலாவதாக வந்தாள். கடைசியில் என் குழுவுக்கே அனுப்பிவிட்டார்கள்.

அவள் வந்த முதல் கிழமை, ஓய்வுக் கொட்டிலில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது மலர் ஒரு கதை சொன்னாள். மலர் உடையார்கட்டுப் பிள்ளை. நல்ல மனம், ஆனால் பொல்லாத வாய். “வதனிக்கென்ன, லீடரின்ர மச்சாள். நிழல் உள்ள பக்கமாப் பாத்துத்தான் குடுப்பா,” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். வதனியும்தான் சிரித்தாள்.

எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. நெஞ்சில் முள் ஏறியதுபோல் இருந்தது. அடுத்த நாளிலிருந்து முள்ளும் வேரும் கல்லுமாய்க் கிடந்த பக்கங்களை எல்லாம் வதனிக்கே கொடுத்தேன். வேலைத்தளத்தில் என்னை மச்சாள் என்று கூப்பிடக் கூடாது, மற்றவர்களைப் போல லீடர் என்றே சொல்ல வேண்டும் என்றும் சொல்லி வைத்தேன். அவள் தலையாட்டினாள். ஒரு நாள்கூட மாறிக் கூப்பிட்டதில்லை.

அரைப்பேர்

எனக்கு ஏன் அந்தப் பகிடி அவ்வளவு சுட்டது என்று சொல்வதானால், என் அப்பாவிடம் போக வேண்டும்.

அப்பா மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீட்டில் பிறந்தவர். அங்கே தமிழரை அடித்து விரட்டிய ஒரு காலத்தில், கையில் அகப்பட்ட சட்டி பானையோடு வன்னிக்கு வந்து, காடு வெட்டிக் குடியேறியவர். தோட்டத்தைப் பற்றி அதிகம் பேசமாட்டார். பேசினால் பேரைப் பற்றித்தான் பேசுவார்.

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ‘பேர்’ என்று சொல்வார்கள். சொன்ன நிறைக்குக் கொழுந்து கொடுத்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர். நாள் முழுக்க மலையில் ஏறி இறங்கிய ஆளுக்கு அரைநாள் சம்பளம். எழுதுகிறவன் கையில்தான் எல்லாம்.

“எங்க கங்காணி இருக்கானே, அவன் தங்கச்சிக்கும் மச்சினிக்கும் எப்பவும் முழுப்பேரு. எங்கம்மாவுக்கு அரைப்பேரு. தராசு முள்ளுகூட அவனுக்குச் சொந்தக்காரன்தான்,” என்பார் அப்பா. சொல்லும்போது அவர் வாய் கோணும். சாகும்வரைக்கும் அந்தக் கோபம் ஆறவில்லை.

அந்தக் கோபத்தைத்தான் அவர் எனக்குச் சீதனமாகத் தந்துவிட்டுப் போனார் என்று நினைக்கிறேன். சொந்தத்துக்குச் சாய்கிறவள் என்ற சொல் மட்டும் என்மேல் விழக் கூடாது. அதற்காக எதையும் செய்வேன் என்று இருந்தேன். செய்தும் விட்டேன்.

வியாழக்கிழமைக்குள்

நிறுவனத்துக்கு வருகிற வெளிநாட்டுக் காசு குறைகிறது என்ற கதை ஒரு வருடமாகவே அடிபட்டுக்கொண்டிருந்தது. எங்கள் வேலை எப்போதும் அப்படித்தான். ஒப்பந்தம் முடிகிற மாதம் வந்தால் ஆளாளுக்கு முகம் கறுத்துவிடும். புதுச் சீருடைக்கு அளவெடுக்க வந்தால் ‘இன்னும் ஒரு வருசம் இருக்கு’ என்று மூச்சு விடுவோம். அந்த முறை அளவெடுக்க ஒருவரும் வரவில்லை.

பொறுப்பாளர் என்னை அழைத்தார். இளம் ஆள், மரியாதையானவர். “அக்கா, ஒவ்வொரு குழுவிலயும் ரெண்டு பேரைக் குறைக்கச் சொல்லி வந்திருக்கு. உங்கட ஆக்களை உங்களுக்குத்தான் தெரியும். வியாழக்கிழமைக்குள்ள பேரைத் தாங்கோ,” என்றார்.

முதல் பெயருக்கு யோசிக்கவே தேவை இருக்கவில்லை. ரூபன் வெளிநாடு போக எல்லா ஆயத்தமும் செய்துவிட்டிருந்தான். “என்ர பேரைப் போடுங்கோ அக்கா,” என்று அவனே வந்து சொன்னான்.

இரண்டாவதுதான் சிக்கல். கொப்பியைத் திறந்து பார்த்தால் கண் தெரியாதவருக்கும் தெரியும், மலரின் பக்கம் நிரம்பி வழிந்தது. மலர் மோசமான வேலைக்காரி இல்லை. அவசரக்காரி. கதைத்துக்கொண்டே சுரண்டுவாள்.

மலரின் பெயரை எழுதினால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். “மச்சாளை வைச்சுக்கொண்டு என்னைத் துரத்திப்போட்டா,” என்று உடையார்கட்டிலிருந்து கிளிநொச்சி வரைக்கும் சொல்லித் திரிவாள். சந்தையில் சொல்வாள், கோயிலில் சொல்வாள். மற்றவர்களும் தலையாட்டுவார்கள்.

வதனியின் பெயரை எழுதிக் கொடுத்தேன்.

எழுதிவிட்டு எனக்கு நானே பல சமாதானம் சொன்னேன். அவளுக்கு அண்ணன் இருக்கிறார், பட்டினி கிடக்க விடமாட்டார். இளம் பிள்ளை, வேறு வேலை தேடிக்கொள்வாள். எல்லாம் பொய். எனக்கு என் மரியாதைதான் பெரிதாக இருந்தது. இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

குளிர் பார்க்கப் போனது

அந்தச் சனிக்கிழமைதான் பயணம். அடுத்து வந்த திங்கள் பௌர்ணமிப் போயா விடுமுறை. மூன்று நாளும் கையில் இருந்தன. நுவரெலியாப் பயணம் பல மாதங்களுக்கு முன்பே தீர்மானித்தது. அதற்குக் காரணம் அபி.

“அம்மா, குளிர் எண்டா என்னெண்டு இருக்கும்? பிரிட்ஜுக்குள்ள கையை வைக்கிற மாதிரியோ?” என்று ஒருநாள் கேட்டிருக்கிறாள். கிளிநொச்சி வெயிலில் பிறந்த பிள்ளைக்கு அதற்குமேல் தெரிய வழியில்லை. வதனி அன்றைக்கே முடிவெடுத்துவிட்டாள், பிள்ளைக்குக் குளிரைக் காட்டுவதென்று. வவுனியா நடைபாதைக் கடையில் ரோசா நிறத்தில் ஒரு கம்பளித் தொப்பி வாங்கி, அலுமாரிக்குள் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள்.

என் கணவர் சிநேகிதன் ஒருவரின் வான் வண்டியைக் கேட்டு வாங்கினார். அவரே ஓட்டினார். நான், சுகன்யா, வதனி, அபி. ஐந்தே பேர். முழு வானும் எங்களுக்குத்தான். றொட்டி சுட்டு, கட்டச்சம்பல் இடித்து, முட்டை அவித்து, ஒரு பெரிய வாளியில் அடுக்கிக்கொண்டு விடியவே வெளிக்கிட்டோம்.

வவுனியா தாண்டினதும் பிள்ளைகள் பாட்டுப் போடச் சொன்னார்கள். தம்புள்ளையில் மலையைக் கண்டு அபி கத்தினாள். மாத்தளையில் அம்மன் கோயிலில் இறங்கிக் கும்பிட்டோம். வதனி கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் நின்றாள். “என்ன அப்பிடிக் கேட்டனீ?” என்று என் கணவர் பகிடியாகக் கேட்டார். “வேற என்ன அண்ணா, வேலை நிலைக்க வேணும் எண்டுதான்,” என்றாள். நான் திருநீற்றைப் பூசுகிற சாட்டில் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டேன்.

கண்டி தாண்டி மலை ஏறினோம். ரம்பொடையில் நீர்வீழ்ச்சியைப் பார்த்துவிட்டு மேலே போகும்போது, வீதியோரத்தில் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் வரிசையில் நின்றார்கள். ஒருவர் தராசைப் பார்த்துப் பார்த்துக் கொப்பியில் எழுதினார்.

வதனி கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தாள். “மச்சாள், அவர் என்ன எழுதுறார்?”

“பேர்,” என்றேன்.

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அப்பாவின் நினைவு வந்து அழுகிறேன் என்று நினைத்து வதனி என் கையைப் பிடித்துக்கொண்டாள். மலை இறங்கி ஏறி நுவரெலியா வரும்வரைக்கும் அந்தக் கையை விடவில்லை. எனக்கு அந்த வானிலிருந்து குதித்துவிடலாம்போல இருந்தது.

வந்த அடியிலேயே திரும்பி வா

மறுநாள்தான் அந்தப் பூங்கா.

நான் கையை இறக்கினேன். புத்தி திரும்பிவிட்டது, இது நுவரெலியா, இது வெறும் புல். ஆனால் வதனிக்குத் திரும்பவில்லை. அவள் நாடாவுக்கு வெளியே முழங்காலில் இருந்துகொண்டு, நிதானமான குரலில் பிள்ளையோடு கதைத்தாள். கத்திய குரல் இல்லை இது. வேலைக் குரல்.

“அபி, அம்மாவைப் பார். ஒண்டுமில்லை. வந்த அடியிலயே திரும்பி வா. உன்ர கால் அடையாளம் தெரியுது எல்லே? அதிலதான் காலை வைக்க வேணும். அவசரமில்லை.”

பிள்ளை மெல்ல மெல்ல, ஈரமண்ணில் பதிந்திருந்த தன் அடிகளிலேயே கால் வைத்துத் திரும்பி வந்தாள். வந்ததும் வதனி அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

தோட்டவேலை செய்கிற ஒரு பெரியவர் ஓடிவந்தார். “என்னம்மா இது, புல்லு வெத போட்டு மூணு நாளுதான் ஆச்சு. புள்ளைய உள்ள விட்டுட்டீங்களே!” என்று சத்தம் போட்டுக்கொண்டே வந்தவர், நிலத்தைக் குனிந்து பார்த்தார். “பரவாயில்லையே. போன அடியிலயே வந்திருக்கு. ஒரு வெதகூடக் கலையல. எந்த ஊரு நீங்க?”

“கிளிநொச்சி,” என்றேன்.

அவர் நாடாவைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். விளங்கிவிட்டது. “சரிம்மா, சரி. புள்ளைக்குத் தண்ணி குடுங்க,” என்று சொல்லிவிட்டு அறுந்த நாடாவை முடியப் போய்விட்டார்.

வதனிக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. பக்கத்து மர வாங்கில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “ஐயோ கடவுளே, புல்லு விதையாம் மச்சாள்! புல்லு விதைக்கு என்ர பிள்ளையைப் பயத்திலயே சாகடிச்சிருப்பன்!” சிரித்தபடியே அழுதாள். பிள்ளைகள் ஐஸ்கிரீம் வாங்க என் கணவரோடு போய்விட்டார்கள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். “எனக்கு இந்த வேலை உடம்புக்குள்ள ஊறிப்போச்சு. ஆனா பயந்து செய்யேல்ல நான். விருப்பத்தில செய்யிறன். அவர் போனாப் பிறகு நான் ஒழுங்காச் செய்யிற ஒரே காரியம் இதுதான். இன்னும் கொஞ்சக் காலம் இருந்தாப் போதும் மச்சாள். அபி ஒரு நிலைக்கு வரட்டும்.”

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது.

“குளிருது. தேத்தண்ணி குடிப்பமோ?” என்றேன்.

குளக்கரையில்

திங்கட்கிழமை திரும்பி வரும் வழியில், தம்புள்ளைக்கு இங்கால் ஒரு குளக்கரையில் மத்தியானச் சாப்பாட்டுக்கு நிறுத்தினோம். என் கணவரும் பிள்ளைகளும் தண்ணீரில் கால் நனைக்கப் போனார்கள். நாங்கள் இரண்டு பேரும் மரத்தடியில் பாயை விரித்துச் சாப்பாட்டை எடுத்து வைத்தோம். நாளைக்கு வேலையை நிறுத்துகிற கடிதம் கொடுப்பார்கள். அதற்கு முன் என் வாயால் சொல்லாவிட்டால் நான் மனிசியே இல்லை என்று எனக்குப் பட்டது.

“வதனி, எங்கட குழுவில ரெண்டு பேரைக் குறைக்கினம்.”

“தெரியும். ரூபன் சொன்னவன். அவன் போறான். மற்றது மலரக்கா எண்டு எல்லாரும் கதைக்கினம். பாவம் அவா.”

“மலர் இல்லை.”

கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. “அப்ப ஆர்?”

நான் பாயின் மூலையை இழுத்து நேராக்கினேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு துடைத்த கோப்பையை மெதுவாகப் பாயில் வைத்தாள்.

“எப்ப குடுத்தனீங்கள்?”

“வியாழக்கிழமை.”

“வியாழக்கிழமை பின்னேரம் என்ர வீட்டை வந்து, அபிக்குத் தொப்பியைப் போட்டுப் பாத்துச் சிரிச்சனீங்கள்.”

அவள் அடுத்த கோப்பையை எடுத்தாள்.

“கொப்பியில என்ர பக்கத்தில எத்தினை கிடக்கு?”

“ஒண்டு. சட்டைப்பின்.”

“மலரக்கான்ர பக்கத்தில?”

“சனம் கதைக்கும் வதனி. சொந்தக்காரியை வைச்சுக்கொண்டு மற்ற ஆளைக் கலைச்சுப்போட்டா எண்டு கதைக்கும். என்ர நிலைமையையும் யோசிச்சுப் பார்.”

“நியாயத்துக்குக் குடுத்திருந்தா நான் ஒரு சொல்லும் சொல்லமாட்டன். நீங்கள் மலரக்கான்ர வாய்க்குப் பயந்து குடுத்தனீங்கள். எனக்குப் பயப்பிடத் தேவையில்லைத்தானே. நான் வீட்டு ஆள். எங்க போகப்போறன்?”

குரலை உயர்த்தவில்லை. அது உயர்ந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

நான் உடனே போனை எடுத்தேன். விடுமுறை நாளென்றும் பாராமல் பொறுப்பாளருக்கு அடித்தேன். “தம்பி, நான் குடுத்த ரெண்டாவது பேரை மாத்தேலுமோ?” என்று கேட்டேன். கடிதம் நாளைக்குக் காலையில்தான் அச்சாகும், மாற்றலாம் என்றார்.

“ஆற்ற பேரைப் போடுறது, சொல்லுங்கோ அக்கா. இப்பவே திருத்திவிடுறன்.”

மலர் என்று மூன்றெழுத்து. அவ்வளவுதான். சொல்லியிருந்தால் முடிந்திருக்கும்.

வதனி எனக்கு எதிரே இருந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கரையில் பிள்ளைகள் தண்ணீர் அடித்து விளையாடுகிற சத்தம் கேட்டது. “அக்கா, லைனில நிக்கிறியளோ?” என்று பொறுப்பாளர் இரண்டு தரம் கேட்டார்.

“சரி தம்பி, விடுங்கோ. குடுத்தபடி கிடக்கட்டும்,” என்றேன்.

வதனி எழும்பி, முழங்கையில் ஒட்டியிருந்த சருகைத் தட்டிவிட்டாள். “பிள்ளையளைச் சாப்பிடக் கூப்பிடுங்கோ, லீடர்,” என்றாள்.

அதன் பிறகு தர்மபுரம் வரைக்கும் அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. “என்ன, முகம் வாடிப் போச்சு?” என்று தமையன் கேட்டபோது, “வெயில் அண்ணா. குளிருக்குள்ள இருந்திட்டு வந்தது ஒத்துக்கொள்ளேல்ல,” என்றாள். பின் இருக்கையில் சுகன்யாவும் அபியும் விடாமல் பாடிக்கொண்டு வந்தார்கள்.

மூலைப் பக்கம்

செவ்வாய்க்கிழமை கடிதம் கொடுத்தார்கள். வதனி தன் கண்ணாடி மறைப்பைத் துடைத்து, அங்கியை மடித்து, ஒவ்வொன்றாக என் முன்னால் வைத்தாள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று நான் கையெழுத்து வைத்தேன். என் கணவருக்கு விசயம் தெரிந்தபோது இரண்டு நாள் என் கையால் சாப்பிடவில்லை.

பல வாரங்களுக்குப் பிறகு வதனிக்குத் தையல் தொழிற்சாலை ஒன்றில் இடம் கிடைத்தது. இப்போதும் அங்கேதான் போகிறாள். அபி எங்கள் வீட்டுக்கு வந்து போகிறாள். வதனி வாசலோடு நின்று பிள்ளையைக் கூப்பிட்டுக்கொண்டு போவாள். ‘வா, தேத்தண்ணி குடி’ என்றால், ‘நேரமில்லை’ என்பாள்.

அவளுக்கு வேலை போய் ஒரு மாதம் இருக்கும், தையல் வேலைக்கு இன்னும் போகத் தொடங்கவில்லை. அப்போது நாங்கள் துப்புரவாக்கிய காணியை உரிமையாளரிடம் கையளிக்கிற நாள் வந்தது.

கையளிக்கும் நாளில் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கடதாசியைக் கொடுத்துவிட்டுப் போவதில்லை. வேலை செய்த எல்லாரும் காணியின் ஒரு கரையில் பக்கம் பக்கமாக நின்று, மறுகரை வரைக்கும் நடக்க வேண்டும். அவரவர் துப்புரவாக்கிய பக்கத்தில் அவரவர். உரிமையாளர் கண்ணால் காண வேண்டும், நாங்களே எங்கள் காலை வைத்து நடக்கிறோம் என்று.

நடந்தோம். வெளிநாடு போய்விட்ட ரூபனின் பக்கத்தில் நான் நடந்தேன். காணிக்காரர்கள் வயதான புருசன் பெண்சாதி. முப்பது வருடத்துக்கு மேல் தங்கள் வளவுக்குள் கால் வைக்காதவர்கள். அலுவலகத்திலிருந்து பெரியவர் ஒருவரும் வந்திருந்தார். எல்லாரும் கைதட்டினார்கள். அந்த அம்மா மட்டும் தட்டவில்லை.

“அந்த மூலையில ஒருத்தரும் நடக்கேல்லையே,” என்றார்.

அதிகம் வெடி எடுத்தது அந்த மூலையில்தான். வதனிக்கு நான் பார்த்துப் பார்த்துக் கொடுத்த பக்கம். நடக்க ஆளில்லை. மெசின் வைத்துப் பார்த்தவள் என்ற முறையில் அதிலும் நானே நடந்திருக்கலாம். நான் அடியெடுத்து வைக்க முன்பே வேலிக்கரையில் ஒரு சைக்கிள் சாத்துகிற சத்தம் கேட்டது.

வதனி. காணிக்கார அம்மா சொல்லி அனுப்பி வந்திருக்கிறாள். வேலைசெய்த மாதங்களில் இருவருக்கும் நல்ல பழக்கம். அவள் ஒருவரையும் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த மூலைக்குள் இறங்கி, நேரே மறுகரை வரைக்கும் நடந்தாள். பிறகு திரும்பி நின்று கையை நீட்டினாள்.

“இது நான் பாத்த பக்கம் அம்மா. நம்பி வாங்கோ.”

அந்த அம்மா சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்து போனார். போய் வதனியின் கையைப் பிடித்ததும் நிலத்தில் குந்தியிருந்து, மண்ணைத் தொட்டு அழத் தொடங்கிவிட்டார்.

“ஆர் அந்தப் பிள்ளை?” என்று அலுவலகப் பெரியவர் கேட்டார்.

மலர்தான் சொன்னாள். “எங்கட குழுவில இருந்தவா சேர். எங்களுக்குள்ள திறமான ஆள் அவாதான்.”

“பிறகேன் நிப்பாட்டினது?”

மலர் என்னைப் பார்த்தாள். மற்றவர்களும் பார்த்தார்கள்.

“நான்தான் பேர் குடுத்தனான்,” என்றேன்.

பெரியவர் காணிக்காரரிடம் போனார். மலர் எனக்குக் கிட்ட வந்தாள். அந்தப் பொல்லாத வாய் அன்றைக்கு மிகத் தணிவாகத்தான் கதைத்தது.

“நான்தான் போகவேணும் எண்டு எனக்கு அப்பவே தெரியும் அக்கா. வீட்டிலயும் சொல்லி வைச்சிருந்தனான். அவவை வைச்சிருந்தா நாங்கள் ஒருத்தரும் ஒண்டும் கதைச்சிருக்க மாட்டம். இப்பதான் கதைக்கிறம்.”

“என்னெண்டு?”

“சொந்த மச்சாளையே குடுத்தவா, நாளைக்கு எங்களை என்ன செய்வா எண்டு.”

வதனி அந்த அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தாள். மலரும் மற்றவர்களும் அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள். நானும் ஒதுங்கினேன்.